வம்சாவளித் தாளில் 25 சதவீதம், குட்டியின் உடலில் எவ்வளவு?

ஜெர்மனியில் அச்சிடப்படும் குதிரை வம்சாவளித் தாள்களில் சில பெயர்களை ஒட்டிச் சிறு குறிகள் இருக்கும். தரோப்ரெட் எனப்படும் ஆங்கிலப் பந்தயக் குதிரைக்கு ‘எக்ஸ் எக்ஸ்’, தூய அரபுக் குதிரைக்கு ‘ஓ எக்ஸ்’, இவ்விரண்டும் கலந்து பிறந்த ஆங்கிலோ-அரபுக்கு ஒற்றை ‘எக்ஸ்’. குதிரை வாங்க வருபவர்கள் நான்கைந்து தலைமுறை வரை அந்தக் குறிகளைக் கூட்டி, ‘இது 25 சதவீத அரபு’, ‘இது பன்னிரண்டரை’ என்று சொல்லிவிடுகிறார்கள். பதிவேடுகளின் விதிகளும் இந்தக் கணக்கின் மீதுதான் நிற்கின்றன. அமெரிக்காவில் ஆங்கிலோ-அரபு என்று பதிவு செய்ய, அரபுப் பங்கு 25க்குக் குறையாமலும் 75க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பிரான்சில் நெடுங்காலம் குறைந்தது 25 தேவைப்பட்டது. வேறு எந்த இனத்தோடு அரபு கலந்தாலும், அது மட்டக்குதிரையாகவே இருந்தாலும், பிறப்பது ‘பகுதி-அரபு’.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது நூறு குட்டிகளின் சராசரியைச் சொல்கிறது. வளர்ப்பவரின் கொட்டிலில் பிறப்பதோ ஒரே ஒரு குட்டி. அதன் உடலுக்குள் எந்த மரபணு வந்து சேர்ந்தது என்பதைச் சதவீதம் சொல்லாது.

ஆங்கிலோ-அரபை ஒரு தனி இனமாகவே வளர்த்தெடுத்த நாடு பிரான்ஸ். அதன் தலைமை இடம் லிமூசான் பகுதியில் உள்ள பொம்பதூர். பதினைந்தாம் லூயி 1761இல் அங்கே அரச குதிரைப் பண்ணையை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மசூத், அஸ்லான் என்ற இரண்டு கீழைநாட்டுப் பொலிக்குதிரைகள் மூன்று ஆங்கிலப் பெட்டைகளோடு சேர்க்கப்பட்டன. அந்தச் சேர்க்கையில் பிறந்த டெல்ஃபீன், குளோவிஸ், டனாயே என்ற மூன்று மகள்களிலிருந்துதான் பொம்பதூர்க் குடும்பங்கள் கிளைத்தன. யூஷேன் கையோ என்ற கால்நடை அறிஞர் 1840களில் பண்ணையின் பொறுப்பேற்று, இந்தக் கலப்பைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டமிட்டு நடத்தினார். படைக்கு வேகமும் வேண்டும், களைக்காத உடலும் வேண்டும் என்பதே அன்றைய தேவை.

அந்த இரண்டும் ஒரே குதிரையில் எளிதாக அமைவதில்லை. தரோப்ரெட்டின் தசையில் விரைவாகச் சுருங்கும் நார்கள் மிகுதி. குறுகிய தூரத்தில் பெரும் விசை தரும், விரைவில் களைக்கும். அரபுக் குதிரையின் தசையில் மெதுவாகச் சுருங்கி, கொழுப்பை எரித்து நெடுநேரம் உழைக்கும் நார்கள் அதிகம். உடல் சிறியது என்பதால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பும் கூடுதல். ஓடும்போது வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. 160 கிலோமீட்டர் நெடுந்தூரப் போட்டிகளில் அரபுகள் முன்னால் நிற்பதற்கு இவையே காரணம். உயரமும், எட்டி வைக்கும் அடியும், தாவும் விசையும் தரோப்ரெட்டின் பங்கு. இத்தாலியின் சியனா நகரச் சதுக்கத்தில் நடக்கும் பாலியோ பந்தயத்தில் தூய தரோப்ரெட்களை இப்போது சேர்ப்பதில்லை. வளைவுகள் கூர்மையானவை, தரை சரிவானது. சார்டினியாவில் வளர்க்கப்படும் ஆங்கிலோ-அரபுக் கலப்பினங்களே அங்கே ஓடுகின்றன.

இனி கணக்குக்கு வருவோம். குதிரைக்கு 32 இணைக் குரோமோசோம்கள். தூய அரபுத் தந்தைக்கும் தரோப்ரெட் தாய்க்கும் பிறக்கும் குட்டி ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தந்தையிடமும் ஒன்றைத் தாயிடமும் பெறும். ஆகவே முதல் கலப்பில் 50 சதவீதம் என்பது ஏறத்தாழ உண்மையாகவே 50. அந்த ஆங்கிலோ-அரபுப் பெட்டையை மறுபடி ஒரு தரோப்ரெட்டோடு சேர்த்தால் தாள் 25 என்று காட்டும். ஆனால் பெட்டையின் கருமுட்டை உருவாகும்போது அவளுடைய அரபுக் குரோமோசோமும் ஆங்கிலக் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிறகு ஒவ்வோர் இணையிலிருந்தும் ஏதாவது ஒன்றுதான் முட்டைக்குள் போகிறது. உடன்பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்றிடம் 20, மற்றொன்றிடம் 30 சதவீதம் அரபுப் பங்கு இருக்கலாம். இரண்டும் ஒரே விதியின் கீழ், ஒரே சான்றிதழோடு பதிவாகும்.

ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் கறாரானது. இந்த ‘25 சதவீத’க் குட்டிகளில் பாதிக்கு அந்த இடத்தில் ஓர் அரபுப் பிரதி இருக்கும், மறு பாதிக்கு ஒன்றுகூட இருக்காது. கால்வாசி என்று அங்கே எதுவுமே இல்லை. முதல் கலப்புக் குட்டிகள் ஒன்றுபோல இருப்பதும், அவற்றைத் தங்களுக்குள் சேர்த்துப் பிறக்கும் அடுத்த தலைமுறை சிதறிப்போவதும் இதனால்தான். கலப்பின வீரியம் என்று நாம் சொல்லும் கூடுதல் வலிமையும் முதல் கலப்பில்தான் முழுமையாக இருக்கும். அந்தக் கலப்புகளைத் தங்களுக்குள் சேர்த்தால் ஏறத்தாழ பாதி கரைந்துவிடும். முதல் கலப்பின் அழகைக் கண்டு மயங்கி, அடுத்த தலைமுறைக்கு என்ன செய்வது என்று எண்ணாமல் சேர்க்கை நடத்துவதுதான் இந்தத் துறையில் மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

சில பண்புகள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சில மரபணுக்களிடமே இருக்கின்றன. பல இனக் குதிரைகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, இனங்களுக்கிடையிலான உடல் அளவு வேறுபாட்டில் 83 சதவீதத்தை மரபணுத்தொகுதியின் நான்கே இடங்கள் விளக்குகின்றன என்று காட்டியது. ஓட்டத்தின் தூரத்தைப் பெரிதும் முடிவு செய்வது தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எமலின் ஹில் குழுவினர் 2010இல் இதை வெளியிட்டனர். அதில் சி, டி என இரண்டு வடிவங்கள். இரண்டு சி பெற்ற தரோப்ரெட் குறுந்தூரத்தில் பாயும். இரண்டு டி பெற்றது நீண்ட தூரத்தில் நிலைக்கும். ஒன்று ஒன்றாகப் பெற்றது நடுத்தரம். அரபுகளில் பெரும்பாலானவை இரண்டு டி கொண்டவை.

நெடுந்தூரக் குதிரை வேண்டும் என்பவர் இரண்டு டி உள்ள அரபுப் பொலிக்குதிரைக்கு இரண்டு டி உள்ள தரோப்ரெட் பெட்டையைத் தேடினால், குட்டியும் இரண்டு டியோடு பிறக்கும். உயரம் தாயிடமிருந்து வரும், தசையின் இயல்பு கெடாது. இரண்டு சி உள்ள வேகக்காரப் பெட்டையைச் சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் நடுத்தரமாகவே வரும். இரண்டு சேர்க்கையிலும் தாளில் இருப்பது அதே 50தான். பிடரி மயிர் சிலவற்றை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

ஒரு படி மேலே போய், தாளையே சந்தேகிக்க வைக்கும் முடிவும் உண்டு. இன்றைய ஆண் தரோப்ரெட்களில் சுமார் 95 சதவீதம், 1704இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த டார்லி அரேபியனின் நேரடி ஆண்வழி வாரிசுகள். அதனால் தரோப்ரெட்டே பாதி அரபு என்று பலரும் சொல்லி வந்தார்கள். ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் பற்றிய ஆய்வுகள் அந்த வழி மத்திய ஆசியத் துருக்மேன் குதிரைகளை ஒத்திருப்பதைக் காட்டின. 2020இல் வந்த விரிவான மரபணு ஆய்வு, இன்றைய அரபு இனம் தரோப்ரெட்டுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு எதையும் தரவில்லை என்றது. அதே ஆய்வு, சமதளப் பந்தயங்களில் ஓடும் சில ‘தூய’ அரபுகளுக்குள் அண்மையில் கலந்த தரோப்ரெட் மரபணுக்கள் இருப்பதையும் வெளிக்கொணர்ந்தது. அத்தகைய பந்தய அரபைத் தந்தையாகக் கொண்ட ஆங்கிலோ-அரபின் 50 சதவீதம் உண்மையில் 50 அல்ல. இரண்டு இனங்களும் நெடுங்காலம் பிரிந்தே வளர்ந்தவை என்பதால், நேர்மையான கலப்பில் வீரியம் நன்றாக வெளிப்படுகிறது.

நோய்களின் விஷயத்தில் சதவீதம் வளர்ப்பவரை ஏமாற்றிவிடக்கூடியது. அரபுகளில் எதிர்ப்புசக்தியே உருவாகாத கடும் குறைபாடு ஒன்று உண்டு. இதற்குக் காரணம் ஒரு மரபணுவில் ஐந்தே எழுத்துகள் விடுபட்டிருப்பது, 1997இல் கண்டறியப்பட்டது. குட்டி நலமாகப் பிறக்கும், சீம்பாலில் கிடைத்த தாயின் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கும் வரை துள்ளித் திரியும். அவை தீர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்றுகள் வந்து, ஆறு மாதங்களுக்குள் இறந்துவிடும். சிறுமூளைச் செல்கள் அழிந்து, தலை நடுங்கி, கால் தடுமாறும் இன்னொரு நோயும் அரபு வழியில் வருகிறது. வெளிறிய ஊதா சாயலோடு பிறந்து எழுந்து நிற்கவே முடியாமல் போகும் குட்டிகள் எகிப்திய வழிகளில் கூடுதலாகக் காணப்படுகின்றன. மூன்றும் ஒடுங்கு பண்புகள்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய்.

ஆகவே, பழுதைச் சுமக்கும் அரபுப் பொலிக்குதிரையைத் தரோப்ரெட் பெட்டையோடு சேர்த்தால் நோயுற்ற குட்டி பிறக்காது. ‘கலப்பினத்துக்குச் சோதனை எதற்கு?’ என்ற எண்ணம் இங்கேதான் வேர்விடுகிறது. அந்தக் குட்டிகளில் பாதி பழுதைச் சத்தமில்லாமல் சுமக்கும். பத்து ஆண்டுகள் கழித்து அப்படி ஒரு மகளை, அரபுப் பங்கை 75ஆக உயர்த்த, பழுதைச் சுமக்கும் இன்னோர் அரபோடு சேர்த்தால், நான்கில் ஒரு குட்டி சாகும். அரபு முன்னோர் இருபுறமும் இருக்கிற எந்தச் சேர்க்கைக்கும் முன்பு சோதனை செய்தே ஆக வேண்டும். சுமக்கும் குதிரைகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளத் தேவையில்லை. நல்ல பெட்டை என்றால் பழுதில்லாத துணையோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம். தரோப்ரெட் பக்கமும் முற்றிலும் தூய்மை இல்லை. தோலும் மூட்டும் வலுவற்றுப் பிறக்கும் குட்டிகளுக்குக் காரணமான ஒடுங்கு மரபணு அங்கேயும் காணப்படுகிறது.

வெண்சாம்பல் நிறம் ஓங்கு பண்பு, ஒரே பிரதி போதும். கறுத்துப் பிறந்து ஆண்டுதோறும் வெளுக்கும் அழகுக்காக அதைத் தேடுபவர்கள் பலர். அதே மரபணுதான் முதுமையில் நிறமிக் கட்டிகளையும் வளர்க்கிறது. பதினைந்து வயதைத் தாண்டிய வெண்சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை உண்டு.

எந்தப் பக்கம் தந்தை, எந்தப் பக்கம் தாய் என்பதும் முக்கியம். கேம்பிரிட்ஜில் வால்டனும் ஹாமண்டும் 1938இல் வெளியிட்ட சோதனையில், பெரிய ஷயர் குதிரைகளையும் சிறிய ஷெட்லாண்ட் குதிரைகளையும் இருவழியிலும் செயற்கை முறையில் கருவுறச் செய்தார்கள். மரபணுக்கலவை ஒன்றே, ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைவிடச் சுமார் மூன்று மடங்கு எடை இருந்தது. கருப்பையின் இடமே குட்டியின் வளர்ச்சிக்கு எல்லை போட்டது. அரபுக்கும் தரோப்ரெட்டுக்கும் அவ்வளவு வேறுபாடு இல்லை என்றாலும், அரபுத் தந்தை, ஆங்கிலத் தாய் என்ற பொம்பதூரின் முறைக்கு உடலியல் நியாயம் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், தாவும் திறன், துணிவு, பழகும் குணம் போன்றவற்றைச் சோதனைக் குழாய் சொல்லாது. அவற்றின் பின்னால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறு பங்கு. அங்கே வம்சாவளித் தாள் மறுபடியும் பயன்படுகிறது, ஆனால் வேறுவிதமாக: பெயர்களுக்குப் பின்னால் உள்ள சந்ததியின் சாதனைகளைப் படிக்க வேண்டும். பொலிக்குதிரை வென்ற கோப்பைகளைவிட அதன் மகன்களும் மகள்களும் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. அழகுப் போட்டிகளுக்காகக் குழிந்த முகத்தையே பல தலைமுறை தேர்ந்தெடுத்த அரபு வழியும், உழைத்துக் காட்டிய அரபு வழியும் பதிவேட்டில் ஒரே இனம். கொட்டிலில் வேறு வேறு. ரஷ்யாவின் தெர்ஸ்க் பண்ணையில் 1969இல் பிறந்து பிரான்சுக்குச் சென்ற பெர்சிக், நெடுந்தூரக் குதிரைகளின் தந்தையாகவே பெயர் பெற்றது. போலந்தில் 1937இல் பிறந்த ராம்சஸ் என்ற வெண்சாம்பல் ஆங்கிலோ-அரபின் கொள்ளுப்பேத்திதான் ரட்டீனா: 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீரரோடு குழுத் தங்கமும் தனிநபர் வெள்ளியும், 1996இல் ஜெர்மனிக்காக மறுபடி குழுத் தங்கமும் வென்ற தாவுகுதிரை. தாளின்படி ராம்சஸின் பங்கு அவளிடம் பன்னிரண்டரை சதவீதம்.

இப்படிச் சந்ததியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் காலம்தான் பெரும் தடை. கரு பதினொரு மாதம். சவாரிக்கு நான்கு வயதாவது ஆக வேண்டும். உச்சத் திறன் தெரிய எட்டு, பத்து வயது. அதற்குள் பெரும்பாலான ஆண் குதிரைகளுக்குக் காயடித்திருப்பார்கள். அரபு ரத்தம் கலந்த டமரில்லோ அப்படிப்பட்டதுதான். வில்லியம் ஃபாக்ஸ்-பிட் சவாரியில் ஈவென்டிங் எனப்படும், பயிற்சி நடை, நாட்டுவழி ஓட்டம், தாவல் மூன்றும் சேர்ந்த போட்டியில், 2004இல் இங்கிலாந்தின் பேட்மின்டன் என்ற இடத்திலும் 2008இல் பர்லியிலும் வென்றது; சந்ததி இல்லை. அதன் செல்லிலிருந்து உருவாக்கிய நகல் குட்டி 2013இல் பிறந்தது, டொமட்டில்லோ என்று பெயர். நகலுக்கான கருமுட்டை வேறொரு பெட்டையுடையது என்பதால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. மட்டும் டமரில்லோவினது அல்ல. ஆனால் பொலிக்குதிரை தன் மைட்டோகாண்ட்ரியாவைக் குட்டிக்குக் கொடுப்பதில்லை. ஆகவே டொமட்டில்லோவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும், மரபணுக் கணக்கில், டமரில்லோவுக்கே பிறந்த குட்டிதான்.