படகைக் கரைக்கும் எர்த் வயர்

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஓடும் எஃகுப் படகுக்கு நாரோபோட் என்று பெயர். ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலம். பலருக்கு அதுதான் வீடு. இன்றைய படகில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். தகடு 4 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துவிட்டால் காப்பீடு கிடைப்பது சிரமம். அப்படியென்றால், பக்கத்தில் தேய்வதற்கு இடம் வெறும் 2 மில்லிமீட்டர்!

தகடு முழுக்கச் சீராகத் துருப்பிடித்தால் அதிகம் பயப்பட வேண்டாம். குழி விழுவதுதான் ஆபத்து. உருக்காலையிலிருந்தே தகட்டில் கருநீலச் செதிள் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அது ஓரிடத்தில் பெயர்ந்தால், செதிளுக்கும் வெறும் எஃகுக்கும் நடுவே ஒரு மின்கலம் உருவாகிவிடும். பெரிய பரப்பின் வேலையெல்லாம் அந்தச் சின்ன இடத்தில் குவிய, அங்கே எஃகு ஆழமாகக் கரையும். பூச்சு அடிப்பதற்கு முன் மணல்வீச்சு போன்ற முறையில் செதிளைச் சுரண்டி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இதைவிட மோசமானது கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது நடப்பது. பாதுகாப்புக்காகப் போட்ட எர்த் வயர், துறையில் நிற்கும் எல்லாப் படகுகளையும், சில இடங்களில் கரையோர எஃகுத் தடுப்பையும்கூட ஒன்றாக இணைத்துவிடுகிறது. நடுவே தண்ணீர். சரி, மின்கலம் தயார். எஃகுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகப் படகில் பற்றவைத்திருக்கும் மெக்னீசியக் கட்டி, ஊருக்கெல்லாம் சேர்த்துக் கரையும். அது தீர்ந்தபின் உங்கள் எஃகின் முறை வரலாம். ஒரே ஒரு மில்லிஆம்பியர் ஓராண்டு ஓடினால் சுமார் 9 கிராம் இரும்பு போய்விடும். பக்கத்தகட்டில் விரல்நுனி அளவு ஓட்டைக்கு அது போதும்.

அதற்காக எர்த் வயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்; உயிருக்கே ஆபத்து. அந்த வயரின் வழியில் டயோடுகள் கொண்ட கால்வானிக் ஐசொலேட்டரைப் பொருத்தலாம். சுமார் 1.2 வோல்ட் வரை அது வழிவிடாது. உலோகங்களுக்கு இடையே எழும் வோல்டேஜ் பொதுவாக அதற்குள் அடங்கிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மட்டும் பெரிய மின்னோட்டம் தடையின்றிப் பாயும். செலவு கூடினாலும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் என் தேர்வு. அதில் படகுக்கும் கரைக்கும் இடையே உலோகத் தொடர்பே கிடையாது.

ஓர் உலோகத்தைக் கரையவிட்டு இன்னொன்றைக் காக்கலாம் என்று 1824-இல் ஹம்ப்ரி டேவி காட்டினார். கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க அவர் துத்தநாகத்தையும் இரும்பையும் பயன்படுத்தினார். ஆனால் கால்வாயின் நன்னீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துத்தநாகம் அங்கே எடுபடாது, மெக்னீசியம்தான் வேண்டும். அதுவும் பக்கத்தில் சில மீட்டர் தூரம்தான் காக்கும். மீதியைக் கருப்புப் பூச்சு பார்த்துக்கொள்ள வேண்டும். தார்ப்பூச்சு என்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். சுத்தமான தகட்டில் அடித்த எப்பாக்சி இன்னும் நீண்ட நாள் வரும்.

படகைக் கரையேற்றும்போது மெக்னீசியக் கட்டி பாதி கரைந்திருந்தால் நிம்மதி. சில ஆண்டுகள் கழித்தும் புதிதுபோலவே இருந்தால், யாரோ அதன்மேலும் பூச்சு அடித்திருக்கலாம், அல்லது பற்றவைப்பு விட்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.