நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு

விடியற்காலை 3 மணி 12 நிமிடத்துக்கு ஒரு லாகின். பயனர் பெயர் 'சர்வீஸ்'. பாஸ்வேர்டு முதல் தடவையே சரி. அடுத்த 40 நிமிடங்களில் அந்த நிறுவனத்தின் கோப்புகளில் பாதிக்கு மேல் வெளியே போய்விட்டன.

கம்ப்யூட்டர்களுக்குள் யாராவது புகுந்துவிட்டால், எந்த வழியாக வந்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. அன்று அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கோப்புகளைச் சேமித்து வைக்கும் கருவியை விற்றவர்கள், பழுது வந்தால் தங்கள் இடத்திலிருந்தே சரிசெய்ய வசதியாக ஒரு கணக்கை உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அதே கணக்கு, அதே பாஸ்வேர்டு. அது எப்போதோ வெளியே கசிந்திருந்தது.

யார் எப்போது நுழைந்தார்கள் என்று பதிவான லாக் பட்டியலை மேலாளரிடம் காட்டினேன். அந்த ஒற்றை வரியை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது அவங்க ஆளுங்களுக்குன்னு வெச்சதுதானே சார்? வேற யாரு எப்படி வர முடியும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதே கேள்வியை வைத்துத்தான் உலகம் முழுக்க அரசுகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் 30 வருடத்துக்கும் மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. செய்தியை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டிவிடும் என்கிரிப்ஷனுக்குப் பின்னால் குற்றவாளிகள் ஒளிந்துகொள்கிறார்கள், அதனால் காவல்துறைக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு வழி வையுங்கள் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் மசோதா வரும். ஒவ்வொரு தடவையும் பேச்சு 'நம்பிக்கை' என்ற இடத்தில் போய் நின்றுவிடுகிறது. அரசை நம்புகிறாயா, நிறுவனத்தை நம்புகிறாயா என்று கேட்கிறார்கள். நான் பார்க்கிற வேலையில் அதற்கு முன்னால் வருகிற கேள்வி வேறு. வருவது யார் என்று அந்தக் கதவுக்கு எப்படித் தெரியும்?

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் என்ற முறையில், நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, பெறுகிறவரின் போனில் மட்டும் இருக்கிறது. நடுவில் சுமந்து செல்லும் சர்வரிடம் சாவி கிடையாது. நீதிமன்ற உத்தரவோடு போய்க் கேட்டால், யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது போன்ற தகவல்களில் தன்னிடம் உள்ளதை நிறுவனம் கொடுக்கலாம். என்ன எழுதினார்கள் என்பதைக் கொடுக்க முடியாது, அதனிடம் அது இல்லை. அதைக் கொடுக்க வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு சாவி செய்ய வேண்டும். சிக்கல் முழுக்க அந்த மூன்றாவது சாவியில் இருக்கிறது.

1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு இதைச் செய்து பார்த்தது. கிளிப்பர் சிப் என்று பெயர். போனுக்குள் இருக்கும் அந்தச் சிப்பின் சாவியை இரண்டு துண்டாக்கி, இரண்டு அரசு அமைப்புகளிடம் ஒப்படைத்து வைப்பதாகத் திட்டம். காகிதத்தில் படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருடமே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார். அரசு ஒட்டுக்கேட்பதற்கு உதவும் பகுதியைச் சரிபார்க்கும் எண் வெறும் 16 பிட். 65,536 வாய்ப்புகள்தான், ஒரு கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலையே இல்லை. விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் பகுதியை ஏமாற்றிவிட்டு, பூட்டை மட்டும் தனக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். குற்றவாளி தப்பித்துவிடுவான், சட்டத்தை மதிப்பவரின் போன் மட்டும் திறந்தே இருக்கும். சில வருடங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

கிளிப்பர் பரவலாக வராமலே போன கதவு. வந்த கதவுக்கு என்ன ஆனது என்பதற்கு கிரீஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் தொழிலுக்கு வரும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்த 2004இல், வோடஃபோன் கிரீஸின் வலையமைப்பில் அழைப்புகளை இணைத்துவிடும் ஸ்விட்சுகள் இருந்தன, எரிக்சன் நிறுவனம் செய்தவை. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் பகுதி ஒரு அப்டேட்டோடு அவற்றுக்குள் வந்திருந்தது. அதை இயக்கிக் கண்காணிக்கும் மேலாண்மைப் பகுதியை மட்டும் வோடஃபோன் வாங்கியிருக்கவில்லை. கதவு இருக்கிறது, கதவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. யாரோ உள்ளே புகுந்து, அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் இயக்கிவிட்டார்கள். பிரதமர், அமைச்சர்கள், ஏதென்ஸ் மேயர் உட்பட 100க்கும் மேற்பட்டவர்களின் போன் பேச்சுகள் 14 ப்ரீபெய்டு எண்களுக்கு நகலாகப் போய்க்கொண்டிருந்தன. இப்படியே மாதக்கணக்கில் நடந்தது.

அதைக் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். 2005 ஜனவரியில் புகுந்தவர்கள் தங்கள் மென்பொருளை அப்டேட் செய்தபோது ஏதோ பிசகி, சிலருடைய எஸ்எம்எஸ்கள் போய்ச் சேராமல் நின்றன. ஏன் என்று எரிக்சன் பொறியாளர்கள் தோண்டினார்கள். மார்ச்சில் விஷயம் தெரியவந்ததும் வோடஃபோன் அந்த மென்பொருளை அவசரமாக நீக்கிவிட்டது. பின்னால் இருந்தவர்களைப் பிடிக்க உதவியிருக்கக்கூடிய தடயங்களும் அதோடு போயின. அடுத்த நாள், வலையமைப்புத் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். அந்த மரணம் பற்றிய கேள்விகளோடு அவருடைய குடும்பம் வருடக்கணக்கில் போராடியது.

எஸ்எம்எஸ் தடைபடாமல் இருந்திருந்தால் அந்த நகல்கள் எவ்வளவு காலம் போய்க்கொண்டே இருந்திருக்கும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, அது 20 வருடத்துக்கு முந்தைய கதை, இப்போது பாதுகாப்பு முன்னேறியிருக்கும் என்று நினைக்கலாம். 1994இல் அமெரிக்கா கலியா என்ற சட்டம் போட்டு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் ஒட்டுக்கேட்கும் வசதியோடுதான் வலையமைப்பைக் கட்ட வேண்டும் என்றது. 2024 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. சீன அரசோடு தொடர்புடையது என்று அமெரிக்கா சொல்லும் சால்ட் டைஃபூன் என்ற குழு, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகள் வரை எட்டிவிட்டது. சீனா இதை மறுக்கிறது. யார் செய்தார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த வழியாக என்பதைப் பாருங்கள். அந்த டிசம்பரில், குறிவைக்கப்படும் நிலையில் இருக்கும் அரசு உயரதிகாரிகளும் அரசியல் தலைவர்களும் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் உள்ள செயலிகளை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா எழுத்திலேயே அறிவுறுத்தியது.

மறுபக்கத்தின் வலியும் எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் எனக்கு நெருக்கம். ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "தம்பி, குழந்தையைக் கடத்தினவன் போன் இதுன்னு வெச்சுக்கோ. குழந்தை எங்க இருக்குன்னு இதுக்குள்ள இருக்கு. திறக்க முடியல. நீ சொல்ற கணக்கையெல்லாம் அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லு பார்ப்போம்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் பணியில் பார்த்ததை நான் பார்த்ததில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணே, நீங்க கேக்குற கதவு அவன் போன்ல மட்டும் இருக்காது. அந்த அம்மா போன்லயும் இருக்கும். நாளைக்கு அவங்களை ஒருத்தன் பின்தொடர்ந்தா, அவனும் அதே வழியாத்தான் வருவான்."

ஒரு குறிப்பிட்ட போனை, நீதிமன்ற உத்தரவோடு, கையில் வைத்துக்கொண்டு திறக்க முயல்வதை நான் எதிர்க்கவில்லை. எல்லோருடைய போனையும் முன்கூட்டியே பலவீனமாக்கி வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்த இரண்டும் விவாதத்தில் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, கொலையாளியின் ஐபோனைத் திறக்க உதவும் மென்பொருளை ஆப்பிளே எழுதித்தர வேண்டும் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நீதிமன்றம் போனது. ஆப்பிளைத் தவிர வழியே இல்லை என்றும் சொன்னது. 2016 மார்ச்சில், வெளியார் ஒருவரின் உதவியோடு திறந்துவிட்டோம் என்று வழக்கை வாபஸ் வாங்கியது. எஃப்பிஐயின் பிரிவுகள் தங்களுக்குள் சரியாகப் பேசிக்கொண்டு எல்லா வழிகளையும் முன்பே தேடியிருக்கவில்லை என்று 2018இல் அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை சொன்னது. 2021 ஜூனில் வெளியான ஆனோம் நடவடிக்கையைப் பாருங்கள். குற்றக் கும்பல்கள் நம்பி வாங்கிய போன்களை எஃப்பிஐயே மறைமுகமாக நடத்தியது, 800க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அந்த முறையிலும் சட்டக் கேள்விகள் உண்டு. ஆனால் அதற்காக உங்கள் போனின் பூட்டு தளர்த்தப்படவில்லை.

இப்போது வரும் மசோதாக்கள் 'பூட்டை உடை' என்று நேராகச் சொல்வதில்லை. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படங்கள் இருக்கின்றனவா என்று, பூட்டுவதற்கு முன்பே போனுக்குள் சோதித்துப் பார்க்கலாமே என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ஆப்பிள் இப்படி ஒன்றை அறிவித்தது, எதிர்ப்பு வலுத்து 2022 டிசம்பரில் கைவிட்டது. இயந்திரம் சந்தேகித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தகப்பனின் கதை போதும். நோயுற்ற மகனின் உடலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது மருத்துவமனைத் தரப்பு. படம் தானாகவே கூகுள் கிளவுடுக்கும் போனது. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படம் என்று கூகுளின் சோதனை முறை அதைக் குறித்தது, கணக்கு முடக்கப்பட்டது. குற்றம் எதுவும் இல்லை என்று காவல்துறை வழக்கை முடித்த பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. மெயில், தொடர்புகள், மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், எல்லாம் அதற்குள் இருந்தன.

மசோதாவில் 'தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமானால்' என்ற வார்த்தைகளைப் பார்த்தால் கொஞ்சம் நின்று படியுங்கள். பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு ஆன்லைன் பாதுகாப்புச் சட்ட விவாதத்தில், சாத்தியமாகும் வரை நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அமைச்சர் சொன்னார். வாக்குறுதி அவைக் குறிப்பில் இருக்கிறது, அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. அதே நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிறுவனங்களுக்கு ரகசிய உத்தரவு அனுப்ப அரசுக்கு வழி செய்கிறது. உத்தரவு வந்தது என்பதைக்கூட நிறுவனம் வெளியே சொல்லக் கூடாது. ஆப்பிளுக்கு அப்படி ஒன்று போயிருப்பதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. இரண்டே வாரத்தில், ஐகிளவுடுக்கான கூடுதல் என்கிரிப்ஷன் வசதியை பிரிட்டன் பயனர்களிடமிருந்து ஆப்பிள் விலக்கிக்கொண்டது.

மசோதா வரும்போது வரட்டும், இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். நிறையப் பேருடைய பூட்டில் தாங்களே விட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது: பேக்கப். வாட்ஸ்அப் செய்தி வழியில் பூட்டியே போகிறது. ஆனால் கிளவுடில் சேரும் நகலுக்கான என்கிரிப்ஷனை நீங்கள்தான் இயக்க வேண்டும். 2021இலிருந்து அந்த வசதி உண்டு. செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப், அங்கே இருக்கும். பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்துக்கொள்ளலாம். அதைத் தொலைத்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, அதனால் பத்திரமான இடத்தில் காகிதத்தில் எழுதி வையுங்கள். மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்த அந்த அதிகாரியும் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டார்.

அந்த 'சர்வீஸ்' கணக்கை அன்று மாலையே நீக்கினோம். கணக்கு இல்லாமல் எங்களால் பழுது பார்க்க முடியாது என்று விற்றவர்கள் சொன்னார்கள். மேலாளர் அசையவில்லை. பத்து நாள் கழித்து கருவியில் ஏதோ கோளாறு. ஒரு பையன் வந்தான், வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேலாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது, போகும்போது வெளியேறிய நேரத்தையும் எழுதிவிட்டுப் போனான்.