காபரேற்றர்: சொல்லும் அதன் தொழிலும்

பழைய சங்கிலிவாள் ஒன்றின் கைப்பிடியில் வேகத்தைக் கூட்டும் விசையை விட்ட பின்பும் இஞ்சின் இரைந்துகொண்டு நிற்குமானால், வன்னியில் மரம் அரிகின்றவர்கள் அதைச் "சிலோ கூடிப்போச்சு" என்பார்கள்; இஞ்சின் சும்மா ஓடும் வேகமே 'சிலோ'. அடுத்து வரும் தீர்ப்பு, பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கருவியைச் சுட்டி, பெரும்பாலும் "காபரேற்றர் பிழை" என்பதாக இருக்கும். அந்தத் தீர்ப்பு பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று அறிய, காபரேற்றர் என்னும் சொல் எதைக் குறிக்கிறது, எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று பார்ப்பது உதவும்.

இச்சொல்லின் வேர் லத்தீனில் கரியைக் குறிக்கும் 'கார்போ'. 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியேயும் அவருடைய கூட்டாளிகளும் வேதியியற் பெயர்களைச் சீரமைத்தபோது, அதிலிருந்தே 'கார்போன்' என்ற தனிமப் பெயரை ஆக்கினார்கள். காபன் சேர்ந்த சேர்மத்துக்குப் பிரெஞ்சில் 'கார்பூர்' என்று பெயர். அதன் வழியே, ஒன்றுடன் காபனைச் சேர்ப்பதைக் குறிக்கும் வினை ஆங்கிலத்தில் உருவாகி, அவ்வேலையைச் செய்யும் கருவிக்கும் பெயராயிற்று. அக்கருவி முதலில் வாகனத்துக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெரிக்கும் வாயு மங்கலாக எரிந்தபோது, அதை இலேசான எண்ணெயின் ஆவியோடு சேர்த்து ஒளியைக் கூட்டினார்கள். அதற்கான பாத்திரமே முதல் காபரேற்றர். பின்பு கார்ல் பென்ஸின் 1886ஆம் ஆண்டு வண்டியில் பெற்றோலை ஆவியாக்கிக் காற்றோடு சேர்க்கும் பாத்திரமும் அதே பெயரைப் பெற்றது. 1893இல் ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்ற பொறியியலாளர்களும், ஜேர்மனியில் மைபாக் என்ற பொறியியலாளரும் பெற்றோலைத் துளியாகத் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலை மாறியும் விளக்குக் காலத்துப் பெயர் மாறவில்லை.

லத்தீன் 'கார்போ'வும் தமிழ்க் 'கரி'யும் ஒலியில் நெருங்கி நிற்பதைக் கண்டு உறவு கொண்டாடுவோர் உண்டு. நம் 'கரி' கருமையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. தமிழ்நாட்டில் 'கார்புரேட்டர்' என்று எழுதுவதும் இங்கே இலங்கையில் 'காபரேற்றர்' என்று எழுதுவதும் ஒலிபெயர்ப்பு மரபின் வேறுபாடு மட்டுமே. 'கார்பன்' இங்கே 'காபன்' ஆனதைப் போன்றது.

கருவியின் வேலையைச் சொன்னால் பெயரின் போதாமை விளங்கும். குழாயின் நடுவே ஓர் ஒடுக்கம் உண்டு. இஞ்சின் இழுக்கும் காற்று அந்த ஒடுக்கத்தில் வேகமெடுக்க, அங்கே அமுக்கம் குறைகிறது. குறைந்த அமுக்கம் சிறு துளை வழியாகப் பெற்றோலை உறிஞ்சிக் காற்றில் தெளிக்கிறது. பெற்றோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும்; அந்த அளவை ஒட்டிக் கலவையை வைப்பதே காபரேற்றரின் கடமை. எரிபொருள் ஆவியானால்தான் காற்றோடு நன்றாகக் கலக்கும் என்பது, போரில் பெற்றோலுக்குத் தடையிருந்த காலத்தை வாழ்ந்த வன்னி மக்களுக்குப் பாடமாகச் சொல்லத் தேவையில்லாத செய்தி. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், முதலில் சில துளி பெற்றோலை விட்டு இஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம்.

மோட்டார் சைக்கிளின் காபரேற்றரில், பெற்றோலின் மட்டத்தை மிதவையால் காக்கும் மிதவைக் கிண்ணம் இருக்கும். அது நிமிர்ந்து நின்றாலே வேலை செய்யும். முதிரையையோ பாலையையோ வெட்டுபவர் சங்கிலிவாளைச் சரிப்பார், தலைகீழாகவும் பிடிப்பார். ஆகையால் அதற்கு மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு பொருத்தப்பட்டுள்ளது. இஞ்சினின் உள்ளே மாறிமாறி எழும் அமுக்கமே ஒரு சவ்வை அசைத்துப் பெற்றோலை இறைக்கிறது. மற்றொரு சவ்வு ஊசி வால்வைத் திறந்து மூடி அளவைக் காக்கிறது. பழைய வாள்களில் இச்சவ்வு காய்ந்து விறைத்துப் போவதால் ஊசி போதுமான அளவு திறவாது, கலவை மெலிகிறது.

தமிழ்ப் பெயர் என்று வரும்போது, வேரைப் பிடித்துக்கொண்டு 'காபன்சேர்ப்பி' என்று ஆக்கினால் பொருள் திரியும். காபன் பெற்றோலிலேயே இருக்கிறது, கருவி அதைச் சேர்ப்பதில்லை. தொழிலைப் பிடித்து 'எரிபொருட் கலப்பி' என்பதே என் தேர்வு. சுருக்கமாகக் 'கலப்பி' எனலாம். பட்டறையில் 'காபரேற்றர்' என்பதே நிலைத்திருக்கிறது, அதில் குறை காண வேண்டியதில்லை. பாடத்திலும் கையேட்டிலும் எழுதுபவர்களுக்கே இந்தத் தேர்வு. 'சிலோ' என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'ஐடில்' என்ற சொல்லின் பழைய பொருள் 'வெறுமை'. தமிழில் 'வெற்றோட்டம்' என்றால் அது சரியாகப் பொருந்தும்: சுமை எதுவும் இல்லாமல் இஞ்சின் வெறுமனே ஓடும் நிலை.

அந்த வெற்றோட்டம் கூடினால் ஆபத்து உண்டு. சுழற்சி ஓர் எல்லையைத் தாண்டியதும் இஞ்சினைச் சங்கிலியோடு இணைக்கும் மையவிலகுக் கிளச்சின் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு, விசையைத் தொடாமலே சங்கிலி ஓடத் தொடங்கும். இனிக் காபரேற்றரின் பக்கத்தைப் பார்த்தால் மூன்று திருகாணிகள் தெரியும். 'எல்', 'எச்' என்று குறித்த இரண்டும் முறையே குறைந்த வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் உரிய பெற்றோல் அளவைத் தீர்மானிப்பவை. அவையே கலப்பி என்ற பெயருக்கு உரியவை. ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் வாளில் 'ரி' என்றும் ஸ்ரில் நிறுவனத்தின் வாளில் 'எல்ஏ' என்றும் குறித்திருக்கும் மூன்றாவது, காற்று வரும் வழியைத் திறந்து மூடும் காற்றுத் தட்டு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் தள்ளிப் பிடிக்கிறது. கலவையோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

ஆகவே காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கி, வாளைத் தரையில் உறுதியாக வைத்து, இஞ்சினைச் சூடாக்கிய பின், மூன்றாவது திருகாணியை இடப்பக்கம் திருகிச் சங்கிலி நிற்கும் வரை வேகத்தைக் குறைக்க வேண்டும். அதன்பின் 'எல்' திருகாணியை மெல்ல இருபக்கமும் திருப்பி, இஞ்சின் மிகக் கூடுதலாக ஓடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து சற்று வெளியே திருகிக் கலவையைச் செறிவாக்க வேண்டும். விசையை அழுத்தியதும் தயங்காமல் ஏறினால் இடம் சரி. இதனால் வேகம் மாறியிருந்தால் மூன்றாவதை மறுபடி திருத்த வேண்டும். 'எச்' திருகாணியைச் செவியை மட்டும் நம்பித் தொடாதிருப்பது நல்லது: பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெயே உள்ளே மசகாகிறது, கலவை மெலிந்தால் மசகும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும்.

மூன்றாவது திருகாணி காற்றுத் தட்டைத் தொடாத அளவுக்கு வெளியே வந்த பின்பும் இஞ்சின் இரைந்தால், விசைக்கம்பி சிக்கியிருக்கிறதா, தட்டு முழுதாக மூடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், காற்று வேறு வழியாக நுழைகிறது என்று பொருள். காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது சுழல்தண்டின் ஓரத்து இறப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போது பிழை காபரேற்றரில் இல்லை; திருகாணிகளை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. இறப்பரை மாற்ற வேண்டியதுதான்.