மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவரின் மேசைமீது பூ வைத்துப் போவார் எவருமில்லை. பூச்சி பிடித்த கிளைதான் வரும். ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்த மரவள்ளி விவசாயி ஒருவர், பாலித்தீன் பையிலிருந்து ஒரு நுனிக்கிளையை எடுத்து வைத்து, "ஏனுங்க சார், ஆறு தடவை மருந்து அடிச்சாச்சுங்க, இன்னும் போக மாட்டேங்குதுங்க" என்றார். குருத்து சுருண்டு முட்டைக்கோஸ் போலக் கூம்பியிருந்தது. இலையடியில் வெள்ளை மாவு அப்பியதுபோல் மாவுப்பூச்சிகள். அவற்றின் நடுவே எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. நான் கைலென்சை எடுத்துத் தேடியது இந்த இரண்டையும் அல்ல. உடல் உப்பி, பழுப்பேறி, முதுகில் வட்டமான சிறு துளையுடன் காய்ந்து கிடக்கும் மாவுப்பூச்சிக் கூடுகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அந்த வயலின் நோய் அதுதான்.

அந்தத் துளை எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். கடுகைவிடச் சிறிய ஒரு குளவி, மாவுப்பூச்சியின் இளம் பருவத்தைத் தேடிப்பிடித்து அதன் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, அதன் தோலையே கூடாக்கிக்கொண்டு, முழுக் குளவியானதும் துளையிட்டு வெளியேறுகிறது. இதைத்தான் ஒட்டுண்ணி என்கிறோம். பொறிவண்டு போன்ற இரைவிழுங்கிகள் கிடைத்ததைத் தின்னும். ஒட்டுண்ணிக் குளவியோ பெரும்பாலும் தனக்குரிய ஓர் இனத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் மட்டுமே நாடும். பூச்சி அடர்த்தியாக இருக்கும்போது பொறிவண்டு நன்றாக வேலை செய்யும், குறைந்தால் வேறிடம் பார்த்துப் போய்விடும். எண்ணிக்கை குறைந்த பிறகும் ஒவ்வொன்றாகத் தேடிப் போவது குளவிதான்.

இந்த உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2008இல் கண்ணால் பார்த்தது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, அந்த ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. வந்தது பூச்சி மட்டுமே. தாயகத்தில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்த குளவிகள் கூட வரவில்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, காட்டாமணக்கு, தேக்கு, வேலியோரச் செம்பருத்தி, பார்த்தீனியம், துத்தி என்று கண்ட செடியிலெல்லாம் அது ஏறியது. பூச்சியின் மேல் மெழுகுப்பூச்சு. முட்டைகளுக்கோ பஞ்சு போன்ற தனிப் பை. தெளித்த மருந்து இரண்டிலும் சரிவர ஊடுருவவில்லை. மல்பெரி விவசாயிகளின் நிலைதான் மிகவும் மோசம். இலைக்கு மருந்து அடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் தின்ன இலையே மிஞ்சாது.

2010இல் பெங்களூருவில் இருந்த தேசிய அளவிலான வேளாண் பூச்சியியல் நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவியினங்களை வரவழைத்து, தனிமைப்படுத்திய ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் வெளியிடல் தொடங்கியது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற இனம் நிலைத்துப் பரவியது. வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு அது மாவட்டம் மாவட்டமாகச் சென்றது. அதன்பின் பூச்சியின் ஆட்டம் அடங்கியது. பூச்சி ஒழியவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வேலியோரத்தில் கொஞ்சம் பூச்சி, அதைத் தின்று வாழும் கொஞ்சம் குளவி என்று இரண்டும் இன்றும் இருக்கின்றன. பூச்சி அடியோடு இல்லாமல் போனால் குளவிக்கும் இரை இருக்காது. பிறகு காற்றிலோ நாற்றிலோ மறுபடி பூச்சி வந்து சேரும்போது காவலுக்கு எவரும் இருக்க மாட்டார்கள். "சுத்தமா ஒண்ணுகூட இருக்கக் கூடாது சார்" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாதிப்பேர் ஏற்பதில்லை.

அதே கதை மரவள்ளியில் இரண்டாம் முறை நடந்தது. ஆப்பிரிக்காவில் 1970களில் பெரும் நாசம் செய்த மரவள்ளி மாவுப்பூச்சி, 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, விரைவிலேயே நாமக்கல், சேலம் பக்கமும் வந்துவிட்டது. இந்த இனத்தில் ஆணே தேவையில்லை. ஒற்றைப் பெண்பூச்சி ஒட்டியிருக்கும் ஒரு குச்சியை நடவுக்கு எடுத்துச் சென்றாலே ஒரு வயலுக்குப் போதும். ஆப்பிரிக்காவில் அதை அடக்கியது தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அனாகைரஸ் லோபெசி என்ற குளவி. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நமக்கும் அந்தக் குளவியே பெனின் நாட்டிலிருந்து வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது.

அப்படியானால் ராசிபுரத்தார் வயலில் ஏன் ஒரு கூடுகூட இல்லை? ஆறு தெளிப்புதான் விடை. மாவுப்பூச்சி மெழுகுக்கு அடியில் தப்பிக்கிறது. இலைமீது நடந்து இரை தேடும் குளவிக்கு அந்தக் கவசம் கிடையாது. தெளிப்பில் தப்பிய முட்டைகள் சில நாளில் பொரித்துவிடும். குளவியோ, இரை பெருகிய பிறகே பெருக முடியும் என்பதால், எப்போதும் ஓரடி பின்னால்தான் வரும். அது நெருங்கி வரும் நேரத்தில் அடுத்த தெளிப்பு விழுகிறது.

எறும்பையும் விட்டுவிடக் கூடாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பான நீருக்காக எறும்பு அதைச் சுற்றியே நிற்கும், நெருங்கும் குளவியை விரட்டும். அந்த இனிப்பு இலைமீது வழிந்தால் கரும்பூஞ்சை படரும். இலை கறுத்துவிட்டதைப் பார்த்துப் பூஞ்சைக்கொல்லி வாங்கிச் செல்பவர்களும் உண்டு. காசு வீண். இன்னொரு தவறு கண்ணை ஏமாற்றுவது: மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே வளர்க்கப்படும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு, உடலெங்கும் வெள்ளை மெழுகு நூல்களோடு பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். ராசிபுரத்தார் கொண்டுவந்த கிளையில் அவர் விரலால் நசுக்கிக் காட்டிய "பெரிய பூச்சி" அதுதான். சற்று வேகமாக நகர்கிறதா, பக்கத்திலுள்ள பூச்சியைக் கவ்வுகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவரிடம் தெளிப்பை நிறுத்தச் சொன்னேன். மோசமான நுனிகளை ஒடித்து அப்புறப்படுத்தவும், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சவும், அடுத்த நடவுக்குப் பூச்சியில்லாத வயலிலிருந்து மட்டும் குச்சி எடுக்கவும் சொல்லி, ஆராய்ச்சி நிலையத்தில் குளவிக்குப் பதிவு செய்ய அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ஒரு கிளையோடு வந்தார். பத்து இலைகளைத் திருப்பி நாங்கள் இருவருமாக எண்ணியதில், துளையுள்ள கூடுகள் நான்கு இலைகளில் இருந்தன. அவர் லென்சைத் திருப்பித் தராமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாரம் தவறாமல் அடிக்கிறாரே, அந்தச் சாரல் இந்தப் பக்கம் விழாமல் இருக்க என்ன வழி என்று கேட்டார்.