லிமிடெட்: வாலில் தொங்கும் எச்சரிக்கை

கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பாதிப் பெயர்ப்பலகைகள் ‘பி. லிட்.’ என்று முடியும். அதைப் பார்த்ததும் பெரிய கம்பெனி என்று நினைப்பது நம் வழக்கம். சம்பந்தம் பேசுகிற இடத்தில்கூட “மாப்பிள்ளை சொந்தமா பிரைவேட் லிமிடெட் வெச்சிருக்கார்” என்றால் எடை கூடத்தான் செய்கிறது. அந்தச் சொல் முதலில் வந்ததோ கடன் கொடுப்பவரை எச்சரிக்க.

லத்தீனில் ‘லீமெஸ்’ என்றால் வரப்பு, எல்லை. பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை கட்டும் சட்டம் 1855-ல் பிரிட்டனில் வந்தபோது, அந்தச் சலுகையைப் பெறும் கம்பெனி தன் பெயரின் கடைசிச் சொல்லாக ‘லிமிடெட்’ போட்டே ஆக வேண்டும் என்றார்கள். இந்தக் கம்பெனி நொடித்தால், பங்குக்கு ஒப்புக்கொண்ட பணத்தைத் தாண்டி உரிமையாளர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது என்பதே சேதி. இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு 1857-ல் வந்தது, வங்கிகளுக்கு 1860-ல்தான்.

எல்லை இல்லாத வியாபாரம் எப்படி விழும் என்பதைச் சென்னை 1906 அக்டோபரில் பார்த்தது. அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி, பெயரில்தான் கம்பெனி. உள்ளே அது கூட்டு வியாபாரம், கூட்டாளிகளின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. லண்டனில் கூட்டாளி மக்ஃபேடியன் நடத்திய கடை சாய்ந்ததும் சென்னைக் கடையும் சாய்ந்தது. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னைக் கூட்டாளி ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். சிறை மோசடிக்காக, அதற்கு லிமிடெட்டும் கவசம் ஆகாது. அடுத்த ஆண்டு தொடங்கிய இந்தியன் வங்கி, லிமிடெட் கம்பெனியாகவே பதிவானது.

தமிழில் என்ன சொல்வது? நம் வணிகவியல் பாடநூலில் கம்பெனி ‘நிறுமம்’, தனி ஆள் நடத்துவது ‘தனியாள் வணிகம்’, பார்ட்னர்ஷிப் ‘கூட்டாண்மை’. லிமிடெட்டுக்கு ‘வரையறுக்கப்பட்டது’ என்பது பரவலான வழக்கு. வரை என்றால் கோடு, எல்லை. லீமெஸுக்கு நல்ல இணைதான். ஆனால் எது வரையறுக்கப்பட்டது என்று அது சொல்வதில்லை. படிப்பவர் கம்பெனியே ஏதோ சுருங்கியது என்று எண்ணக்கூடும். கம்பெனி தன் கடனுக்குத் தன் சொத்து முழுவதாலும் பொறுப்பு. கோடு விழுவது பங்குதாரருக்கு மட்டும். ஜெர்மானியர் ‘ஹாஃப்டுங்’, அதாவது பொறுப்பு என்ற சொல்லைப் பெயருக்குள்ளேயே வைத்து ‘கே.எம்.பே.ஹா.’ (GmbH, கடைசி ‘ஹா’ அந்த ஹாஃப்டுங்) என்கிறார்கள். அந்த வழியில் ‘பொறுப்பு வரையறுத்த நிறுமம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பலகைக்கு நீளம்தான். (கேரளக் கூட்டுறவுச் சங்கப் பலகைகளில் லிமிடெட்டுக்கு ‘க்ளிப்தம்’ என்று ஒரே சொல்லில் போடுகிறார்கள். அந்தத் துணிச்சல் நமக்கு இல்லை.)

இந்தக் கோட்டின் அருமை வெளிநாட்டில் கடை போடும்போது தெரியும். மயிலாப்பூரிலிருந்து லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குக் குடிபோன ஒருவர் மாவும் பொடியும் விற்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியாள் வணிகமாக, அங்கத்திய பேச்சில் ‘ஸோல் டிரேடர்’ ஆக நடத்தினால் கணக்கு எளிது. லாபம் நேரே அவருடையது. கடை வாடகை பாக்கி, மளிகை மொத்த வியாபாரியின் பாக்கி எல்லாமும் அவருடையதே. லிமிடெட் ஆக்கினால் பாக்கி கம்பெனியுடையது. கல்லாவும் கம்பெனியுடையதாகிவிடும், நினைத்தபோது கைவிட்டு எடுக்க முடியாது, சம்பளம், டிவிடெண்ட் போன்ற முறையான வழியில்தான் எடுக்கலாம். ஆண்டுக் கணக்கைக் கம்பெனிப் பதிவகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒரே ஆள் நடத்தும் கம்பெனிக்கும் இந்தக் கோடு செல்லுமா என்ற வழக்கு 1896-லேயே தீர்ந்தது. லண்டனில் பூட்ஸ் செய்து விற்ற சாலமன் என்பவர் 20,007 பங்குகளில் 20,001-ஐத் தாம் வைத்துக்கொண்டு, மனைவிக்கும் மகளுக்கும் நான்கு மகன்களுக்கும் தலைக்கு ஒன்று கொடுத்திருந்தார். சட்டம் ஏழு பேர் கேட்டது, ஏழு பேரைக் காட்டினார். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. வீட்டம்மாவைப் பேருக்கு டைரக்டராகப் போடும் நம் ஊர்க்காரர்களுக்கு அவர் மூத்தவர்.

வங்கிக்காரர்களுக்கும் இது தெரியும். சின்னக் கம்பெனிக்குக் கடன் என்றால் டைரக்டரின் சொந்த ஜாமீன் கேட்பது வழக்கம். கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனுக்குக் கோடு அழிந்தது. விசாவையும் முதலில் பார்த்துவிட வேண்டும்: பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் ஸோல் டிரேடராகவும் தொழில் செய்ய முடியாது, சொந்த லிமிடெட் தொடங்கி நடத்தவும் முடியாது. ஜெர்மனியில் கே.எம்.பே.ஹா.வுக்குக் குறைந்தது 25,000 யூரோ மூலதனம் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு 1 யூரோவிலிருந்து தொடங்கக்கூடிய ‘ஊ.கே.’ (UG) என்ற அதன் சின்ன வடிவம் இருக்கிறது.

சென்னையில் விட்டுவந்த பிரைவேட் லிமிடெட்டை மூட வேண்டியதில்லை. டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிறுமச் சட்டம் 2013. அக்காவோ தம்பியோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். ஒருநபர் கம்பெனி தொடங்க 2021 முதல் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் அனுமதி உண்டு.