அரிசிக்கும் பருப்புக்கும் காப்புரிமை கிடையாது

நெஞ்சக நோய் மருத்துவராகக் காசநோயாளிகளைப் பார்த்துவருகிறேன். "ஆராய்ச்சியெல்லாம் இப்போ கம்பெனிக்காகத்தானே டாக்டர்?" என்று வீட்டார் கேட்டால், முழுக்க மறுக்கவும் முடிவதில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வருவதில்லை. இந்த ஒரு நோயிலேயே இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. எடுத்துக்கொண்ட கேள்வி எளிது: படுக்கை கிடைக்காத ஏழை, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? ஒரு பகுதியினர் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்கும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளில். 1959-இல் வெளிவந்த முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

1960-களில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து வந்தது. அப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், காசநோய்க்கென்று புதிய வகை மருந்தே இல்லை. பணக்கார நாடுகளில் நோய் குறைந்தது, கூடவே முதலீடும் வற்றியது. இங்கே மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தவர்கள் ஒன்றரை, இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டார்கள். செவித்திறனைப் பறிக்கக்கூடிய கானமைசின் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். உயிர் பிழைத்துக் காது கேட்காமல் போன நோயாளி, "வேற மருந்தே இல்லையா?" என்று எழுதிக் காட்டினால் என்ன பதில் சொல்வது? தேடுவதற்குப் போதுமான பணத்தை யாரும் போடவில்லை என்பதுதான் உண்மை.

2012-இல் அமெரிக்காவில், இப்படி மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாக்குயிலின் மாத்திரை அனுமதி பெற்றது. அருமையான மருந்து. கண்டுபிடித்த நிறுவனத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதைச் சோதித்து நிலைநிறுத்தியதில் பொதுப்பணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அப்படியிருந்தும் காப்புரிமையை நீட்டிக்க நிறுவனம் முயன்றது. காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர், அதை எதிர்த்து மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த ஆண்டிலேயே விலை வெகுவாக இறங்கியது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் முக்கியம். சென்னை ஆய்வைப் படித்த பலர், மாத்திரை போதும், உணவு பெரிய விஷயமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அது அந்த ஆய்வு சொன்னதைவிட அதிகம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளியின் குடும்பத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்தத் தடுப்பூசிக்காவது இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். அரிசி பருப்பை விற்று லாபம் பார்க்கும் மருந்து நிறுவனம் கிடையாது என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்கவே பொது நிதி வேண்டியிருந்தது. அறிவியல் முறை கெட்டுப்போகவில்லை. எந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்குகிறார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

உங்களையோ உங்கள் வீட்டாரையோ மருந்து ஆய்வில் சேரச் சொல்லிக் கையெழுத்து கேட்டால், பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் போடவும் வேண்டாம். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை அரசின் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். செலவு யாருடையது, பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள், ஆய்வு முடிந்தபின் அந்த மருந்து எங்களுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.