குன்னூரிலிருந்து புகையோடு வரும் கார்கள்

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஊட்டி சீசன் வந்துவிட்டால் ஞாயிறு சாயங்காலம் சக்கரத்தில் புகையோடு ஒரு காராவது வந்து நிற்கும். "அண்ணே, போன வாரம்தான் சர்வீஸ் பண்ணினேன், பிரேக்கே பிடிக்கல" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கும். சர்வீஸில் தப்பில்லை. குன்னூரிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருப்பார்.

குன்னூர் எங்கள் ஊரைவிட சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கினால், கணக்குப்படி 5 யூனிட் கரண்டுக்கு மேலான சக்தி எங்காவது போயாக வேண்டும். அதில் பெரும்பகுதியை பிரேக்கே சூடாக வாங்கினால்? முதலில் பேட் பிடிமானம் இழக்கும். அப்புறம் பிரேக் ஆயில் கொதிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140-லேயே கொதிக்கலாம். குழாயில் ஆவிக்குமிழ் சேர்ந்தால் பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்.

அதுவரை போவானேன்? ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் கணக்கு. குறைந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இந்த ரோட்டில் பெரும்பாலும் இரண்டாவது கியர். வளைவுக்குள் போய் மாற்றாமல் முன்பே குறைத்துவிடுங்கள். இன்ஜின் உறுமும், ஆர்பிஎம் மீட்டர் முள் சிவப்பைத் தொடாதவரை உறுமட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யை விட்டு 'எல்' (லோ கியர்), அல்லது 'எம்' (மேனுவல்) போட்டு நீங்களே கியரைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகம் குறைந்ததும் காலை முழுசாக எடுங்கள்.

நியூட்ரலில் இறக்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களோடு வாதாடியே எனக்குத் தொண்டை போய்விட்டது. இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் குடிக்கும். கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதும் நியூட்ரல்தான், ஐயா. இன்ஜினையே அணைத்தால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். இறங்கும் வழியில் பர்லியாரில் பழக்கடைகள் இருக்கின்றன. சீசனாக இருந்தால் மங்குஸ்தான் கிடைக்கும்.